எம்மெட் வோசிகாவின் பெருமூச்சு

1961 மார்ச் 9: 1 டாலர் 40 சென்ட்
1963 நவம்பர் 14: 1 டாலர் 20 சென்ட்
1966 பிப்ரவரி 3: 1 டாலர்

எம்மெட் வோசிகாவின் கையில், போக்கர் சீட்டாட்டத்தில் அபூர்வமாகவே கிடைக்கும், ஒரே மாதிரி நான்கு சீட்டு சேர்ந்த வியாழக்கிழமைகளும், அவற்றால் அவர் ஜெயித்த தொகைகளும் இவை. ஆளுக்கு இருபது சென்ட் என்று தொடக்கத்தில் போட்ட காசுக்கு மேல் யாரும் ஒரு சென்ட்கூட வைக்கவில்லை.

நெப்ராஸ்காவில் எங்கள் ஊர் தானியக் கிடங்கில் எடை போடுபவர் எம்மெட். சங்கக் கூடத்துப் போக்கர் மேசையில் நல்ல சீட்டு வந்தால் பதுங்குவார். பெருமூச்சு விட்டு, பந்தயம் கட்டாமல் "பாஸ்" என்பார். மற்றவர்கள் துணிந்து பந்தயம் கட்டட்டும், பிறகு அமுக்கலாம் என்பது கணக்கு. அந்தப் பெருமூச்சு ஊருக்கே தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

விதை வியாபாரி ராஸ்கோ ஹால்டேன் வெறும் சீட்டை வைத்துக்கொண்டே பத்து டாலர் கட்டுகிறவர். அவரிடம் ஒரே ஒரு முறையாவது பெரிய தொகை ஜெயிக்க வேண்டும் என்பதுதான் எம்மெட்டின் ஆசை. ராஸ்கோவோ வீட்டை விற்றுவிட்டு அரிசோனாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். 1967 மார்ச் 16 அவருடைய கடைசி ஆட்டம்.

அன்று முதலில் எம்மெட்டுக்கு மூன்று ராணி வந்தது. பெருமூச்சு விட்டார்.

"ஐயோ, மூச்சு விட்டுட்டான்யா! எல்லாரும் ஓடுங்க!" என்று ராஸ்கோ சீட்டைக் கவிழ்த்தார். மேசையே சிரித்தது.

எம்மெட் எழுந்து காபி பாத்திரத்தருகே நின்ற என்னிடம் வந்தார்.

"பொருளாளரே, நான் மூச்சு விடுறது அவ்வளவு சத்தமாவா கேக்குது?"

"தெருவுக்குக் கேக்குது."

காபியைக் குடிக்காமலே திரும்பிப் போனார்.

அடுத்த முறை சீட்டுப் போட்டபோது அவருக்கு முதல் மூன்று சீட்டும் ஒன்பது. பெருமூச்சு விடாமல் ஐந்து டாலரை மேசையில் அறைந்தார்.

"பாருடா! நல்ல சீட்டு இருந்தா இவன் மூச்சுல்ல விடுவான்? பத்து!" என்றார் ராஸ்கோ.

"இருபது."

"யோவ் எம்மெட், என்னை வழியனுப்பப் பரிசு குடுக்கறியா? நாப்பது!"

கடைசிச் சீட்டு வந்தபோது நடுவில் 212 டாலர். ராஸ்கோ ஐந்து டைமண்டை விரித்துக் காட்டிவிட்டுப் பணத்தை நோக்கிக் கை நீட்டினார். எம்மெட் அதை வெல்லும் மூன்று ஒன்பதையும் இரண்டு ராஜாவையும் வைத்தார். ராஸ்கோவின் கை அங்கேயே நின்றுவிட்டது.

அரிசோனாவிலிருந்து கடிதங்கள் வர ஆரம்பித்தன. "இந்த ஒரு ஆட்டத்துக்காகவா ஆறு வருஷம் மூச்சு விட்டு என்னைப் பழக்கினே? நெசத்தைச் சொல்லு."

"எழுதிடுங்களேன், காபி பக்கத்துல நின்னப்பதான் தோணிச்சுன்னு," என்றேன்.

"எதுக்கு? பாஸ்," என்றார் எம்மெட்.

இரண்டாவது கடிதத்துக்கும் பதில் போகவில்லை. மூன்றாவதில் இரண்டே வரி: "ஒத்துக்கறேன். உன்னை மாதிரி பொறுமைசாலி இந்த நாட்டுலயே இல்ல." அது வந்து சேர்ந்தது 1968 மே 9.