ஒருத்தி மட்டும் நிற்கிற சமையலறை

என் சம்பந்தியம்மாவை எனக்குப் பிடிக்கும். அவர் மல்லசமுத்திரத்தில் தன் வீட்டில் இருக்கும்வரை ரொம்பவே பிடிக்கும். சேலத்தில் என் மகன் குடியிருந்த வாடகை வீட்டுக்கு வந்து மாதத்தில் பாதி நாள் தங்க ஆரம்பித்தார் பாருங்கள், அப்போதுதான் எனக்கு அந்தப் பிடித்தம் குறைய ஆரம்பித்தது.

மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். பேத்திக்கு அப்போது நாலு வயது. சோற்றைக் கண்டாலே வாயை இறுக்கி மூடிக்கொள்கிற பிள்ளை. ஒருநாள் நான் போயிருந்தபோது, பருப்பும் நெய்யும் போட்டு நன்றாகப் பிசைந்து, உருட்டி, வாய்கிட்டே கொண்டுபோனேன். அவள் என் கையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆத்தா, நீ வெச்சுரு. அம்மிச்சி ஊட்டட்டும்" என்றாள்.

ஆத்தா நான், அவள் அப்பனைப் பெற்றவள். அம்மிச்சி சம்பந்தியம்மா, அவள் அம்மாவைப் பெற்றவர். அதே சோறு, அதே நெய். அவர் உருட்டிக் கொடுத்தால் கிளிக்குஞ்சு மாதிரி வாயைத் திறக்கிறாள். நான் வீட்டுப் பின்பக்கம் போய்க் கையை மோந்து பார்த்தேன். கையில் ஒரு குறையும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மகன் சேலத்திலேயே ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு பிளாட் வாங்கினான். கட்டடம் எழும்பித் தூணும் தளமுமாக நின்றது. உள்சுவர் இன்னும் வைக்கவில்லை. எங்கே சுவர் வேண்டும், எங்கே வேண்டாம் என்று சீக்கிரம் சொல்லிவிடச் சொன்னாராம் என்ஜினியர். குடிபோனதும் நான் ஊரில் கடலை போடுகிற காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அங்கேயே வந்துவிடுவதாகப் பேச்சு. சம்பந்தியம்மாவும் வந்துவிடுவதாகப் பேச்சு. ஒரே வீடு, ஒரே பேத்தி, ரெண்டு கிழவி. யார் கையால் அவள் சாப்பிடப் போகிறாள் என்பதுதான் எனக்குக் கவலை. மற்றவர்கள் எல்லாரும் கரண்ட் பாயிண்ட் எத்தனை என்று கவலைப்பட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் புதுச்சத்திரம் பக்கத்தில் இருக்கிற என் வீட்டுக்கு வந்தார்கள். சம்பந்தியம்மாவும்தான். மகன் போனில் பிளானைக் காட்டினான். சம்பந்தியம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கல்யாணப் பத்திரிகை படிக்கிற மாதிரி கடகடவென்று படித்தார். "இது கிச்சன். இது டைனிங். இது தொவைக்கற எடம், யுட்டிலிட்டி." கோயமுத்தூரில் பெரிய மகளின் பிளாட்டில் போய் இருந்துவிட்டு வந்தவர் அல்லவா.

போன் என் கைக்கு வந்தது. எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரி கோடுகள்தான் தெரிந்தன. தலைகீழாகத் திருப்பியும் பார்த்தேன். எறும்புகள் தலைகீழாக ஊர்ந்தன.

"இதென்ன சாமி, ஊட்டுக்குள்ள அங்கங்க அருவா கெடக்குது?" என்று கேட்டேன்.

மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அருவா இல்லம்மா, கதவு. கதவு தொறக்கற வளைவை அப்படித்தான் போடுவாங்க."

சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. புன்னகை செய்தார். சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

பிறகு அவர், "மாப்ளெ, கிச்சனுக்கும் டைனிங்குக்கும் நடுவுல சுவரே வேண்டாமுங்க. ஓபனா உட்டுட்டா ஊடு பெருசாத் தெரியும்" என்றார்.

அதுவரைக்கும் சுவரைப் பற்றி எனக்கு எந்த எண்ணமும் இல்லை. அவர் வேண்டாம் என்றதும் எனக்கு வேண்டும் என்று ஆகிவிட்டது.

"ஏனுங்க சம்மந்தி, விருந்து ஒறம்பரைன்னு நாலு பேரு வந்து உக்காந்தா நம்ம கழுவாத ஏனம் பாத்தரத்தையெல்லாம் எண்ணிப் பாக்கறதுக்கா? கருவாடு வறுத்தா ஹால்ல இருக்கற டிவிகூட மணக்குமுங்க. சுவரு வேணும். கதவும் வேணும்" என்றேன். "சமையலறையும் சின்னதாப் போதும் சாமி. நின்ன எடத்துல கைய நீட்டுனா எல்லாம் எட்டோணும். ரெண்டு பக்கமும் மேடை, நடுவுல ஒரு ஆளு நிக்கற சந்து. போதும்."

"ரெண்டு பேரு நிக்க முடியாதேம்மா?"

"ரெண்டு பேரு எதுக்கு? அங்கென்ன கபடியா ஆடறோம்?"

என் கணக்கு இதுதான். பிள்ளைகள் நாய்க்குட்டி மாதிரி, சோறு வருகிற வாசலைத்தான் சுற்றும். ஒருத்தி மட்டும் நிற்கிற சமையலறை என்றால் முதலில் எழுந்தவளுக்கே அது சொந்தம், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. கோழி கூவுவதற்கு முன்னால் எழுகிறவள் நான். சம்பந்தியம்மாவோ சூரியன் வந்து கதவைத் தட்டினால்தான் எழுவார். அப்புறம் என்ன? கரண்டி என் கையில், அடுப்பு என் கையில், பேத்தி என் மடியில்.

சம்பந்தியம்மா போனை வாங்கிப் பிளானை இன்னொரு தரம் பார்த்தார். "சம்மந்தி சொல்றதும் ஞாயந்தானுங்க மாப்ளெ. சுவரே வெச்சிரலாம்" என்றார்.

இவ்வளவு சீக்கிரம் இறங்கி வருவார் என்று நான் நினைக்கவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் அவருக்கு இன்னொரு டம்ளர் காப்பி கொடுத்தேன். சர்க்கரைகூட சரியாகப் போட்டேன்.

மருமகள்தான் சும்மா இருக்கவில்லை. "போன்ல பாத்தா அத்தைக்கு வெளங்காது. களத்துல கோடு போட்டே பாத்தரலாம்" என்றாள். வீட்டை ஒட்டிக் கடலை காயப்போடுகிற சிமெண்டுக் களம் இருக்கிறது. அப்போது காலியாகக் கிடந்தது. மகன் டேப்பு பிடித்து அளந்தான். மருமகள் நூல் கட்டினாள். நான் கோலமாவு டப்பாவை எடுத்து வந்து நூலோடு தூவிக்கொண்டே போனேன். வீட்டு மனையில் சுண்ணாம்புக் கோடு போடுவதுபோல், மாடியில் வரப்போகிற வீட்டை என் களத்தில் போட்டோம். சமையலறைச் சுவரை மட்டும் நான் தாராளமாகத் தூவினேன். நல்ல கெட்டிச் சுவர்.

கயிற்றுக் கட்டில் டைனிங் டேபிள் ஆனது. தண்ணி டிரம் பிரிட்ஜ். ரெண்டு செங்கல் அடுப்பு. மருமகள் பிரிட்ஜுக்கும் அடுப்புக்கும் நடந்து பார்த்து, "அத்தை, பிரிட்ஜ் கதவைத் தொறந்துட்டா உள்ள இருக்கறவங்க வெளிய வர முடியாதுங்க" என்றாள்.

"நான் எதுக்கு அம்மணி வெளிய வரோணும்?" என்றேன். என் ராஜ்ஜியத்தை விட்டு நான் ஏன் வெளியே வரவேண்டும்?

அரிசிம்பருப்புச் சோறு வெந்து தயாராக இருந்தது. இங்கேயே சாப்பிட்டுப் பார்க்கலாம், எது இடிக்கிறது என்று தெரிந்துவிடும் என்றாள் மருமகள். வேப்பமர நிழல் டைனிங் ஹாலில் விழுந்திருந்தது. எல்லாரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் குண்டாவைச் சமையலறையில் இறக்கி வைத்துவிட்டு, சோற்றுக் கரண்டியோடு நேரே நடந்தேன்.

"அம்மா! நீ சுவத்துக்குள்ள பூந்து வாரே!" என்று மகன் கத்தினான்.

திரும்பிப் போய்க் கதவு வழியாகச் சுற்றி வந்தேன். சோறு போட்டேன். நெய்யை மறந்துவிட்டேன். சுற்றிப் போய் எடுத்து வந்தேன். அப்பளம் என்றார்கள். மறுபடியும் சுற்று. தண்ணி என்றார்கள். பழனிமலையைக்கூட இத்தனை தடவை நான் சுற்றியதில்லை. இன்னும் நாலு அப்பளத்தை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறேன், கட்டில் பக்கம் ஒரே சிரிப்பு. என் மகன் எதையோ சொல்கிறான், மருமகள் அவன் தோளில் அடிக்கிறாள். பேத்தி சம்பந்தியம்மாவின் மடியில் உட்கார்ந்து வாயைத் திறக்கிறாள். ஒரு உருண்டை உள்ளே போகிறது. இன்னொன்று.

நான் என் சந்தில் நின்றுகொண்டு, "சாமி, ஆத்தாவெப் பாரு, அப்பளம் வேணுமா?" என்று கூப்பிட்டேன்.

பேத்தி என் பக்கம் திரும்பி, விரலை நீட்டிக் கோலமாவுக் கோட்டைக் காட்டினாள். "ஆத்தா, அங்க சுவரு இருக்குது. நீ எங்களைப் பாக்கக் கூடாது!"

எல்லாரும் சிரித்தார்கள். "ஆமாங்க சம்மந்தி, சுவருக்கு அக்கட்ட நீங்க இருக்கறதே தெரியறதில்லைங்க" என்றார் சம்பந்தியம்மா, அடுத்த உருண்டையை உருட்டிக்கொண்டே.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவர் ஏன் அவ்வளவு சீக்கிரம் சரி என்றார் என்று. நான் எனக்கு ராஜ்ஜியம் கட்டிக்கொண்டதாக நினைத்தேன். நல்ல காற்றோட்டமில்லாத ஜெயில் கட்டியிருக்கிறேன். அடுப்பும் பாத்திரமும் எனக்கு, பேத்தியும் பேச்சும் அவருக்கு. உள்ளே ஒரு ஆள்தான் நிற்க முடியும் என்றால், வெளியே இருக்கிறவளை யாரும் உதவிக்குக்கூடக் கூப்பிட முடியாது. இதைச் செலவில்லாமல் அவருக்கு நானே செய்து கொடுத்திருக்கிறேன்.

அப்பளத் தட்டோடு திரும்பி நடக்கும்போது என் சேலைத் தலைப்பு கொஞ்சம் நீளமாகத் தொங்கிவிட்டது. சுவர் மேலேயே தரையைத் துடைத்துக்கொண்டு வந்தது.

மருமகள் பார்த்துவிட்டாள். "அத்தை, சுவத்தை அழிச்சுட்டீங்க."

"நானா? காத்தடிக்குது அம்மணி."

"எல எங்கீங்க அசையுது?"

"கீழ அடிக்குது" என்றேன். பிறகு குரலைக் கொஞ்சம் பெரிய மனுஷத்தனமாக வைத்துக்கொண்டு, "ரோசனை பண்ணிப் பாத்தேன் சாமி. கொழந்தை இருக்கற ஊடு. சமைக்கறவ கண்ணுக்குக் கொழந்தை தெரியோணும். சுவரு வேண்டாம்" என்றேன்.

சம்பந்தியம்மா கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார். "அதெப்படிங்க சம்மந்தி? ஒறம்பரை வந்தா ஏனத்தை எண்ணுவாங்கல்ல? கருவாட்டு வாசம் டிவிக்கு ஏறுமே?"

"அதுக்குச் சிம்னி மாட்டிக்கலாமுங்க."

"சிம்னி ஏனத்தையும் கழுவுமுங்களா?"

என் வார்த்தையை எடுத்து என் தலையிலேயே கொட்டுகிறார். வாங்கிக் குடித்த காப்பிக்குக்கூட விசுவாசமில்லை. நான் ஏதோ சொல்ல, அவர் ஏதோ சொல்ல, சுவரா இல்லையா என்று களமே அதிர்ந்தது. மகன் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அவன் அப்பனும் இப்படித்தான், சண்டை என்றால் தட்டு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

மருமகள் எழுந்தாள். "ரெண்டு பேரும் சித்தெ நிறுத்துங்க. காத்தால எந்திரிச்சு அங்க நின்னு மூணு டிபன் கட்டப் போறது நானு. என்ற சமையலறைங்க அது."

நாங்கள் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அது அவளுடைய சமையலறை என்பது எங்கள் ரெண்டு பேருக்குமே அதுவரை தோன்றவில்லை.

அவள் கோலமாவு டப்பாவைக் கையில் எடுத்தாள். நான் போட்ட கெட்டிச் சுவரைக் காலால் தேய்த்து அழித்தாள். டைனிங் பக்கம் ரெண்டடி தள்ளிப் புதிதாக ஒரு கோடு போட்டாள். "இது இடுப்பு வரைக்கும் அரைச்சுவரு. மேல கிரானைட் கல்லு. அடுப்பு இதுல, டேபிளைப் பாத்தாப்ல. டேபிளுக்குச் சுத்திவர எடம் வேண்டாம், ஒரு பக்கம் இந்தச் சுவத்துலயே ஒட்டிப் போட்டுக்கலாம். ஏனம் கழுவற எடம் பின்னாடி, ஒறம்பரை கண்ணுக்குத் தெரியாது. உள்ள ரெண்டு பேரு தாராளமா நிக்கலாம்." சொல்லிவிட்டு உட்கார்ந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டாள். என்ஜினியருக்கும் அதையேதான் சொன்னார்கள்.

பிளாட்டுக்குக் குடிபோய் இப்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீடு நன்றாகத்தான் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் அந்த அரைச்சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்குத்தான் முதலில் நன்றாக இல்லை. காலையில் நான்தான் முதலில் எழுவேன், மருமகள் டிபன் கட்டி முடித்து நகர்ந்ததும் தோசைக்கல்லைப் போடுவேன். எதிரே டேபிளில் பேத்தி, பக்கத்து நாற்காலியில் சம்பந்தியம்மா. என் கை தோசைத் திருப்பியோடு கட்டுண்டு கிடக்கும். அவர் கை பேத்தியின் வாய்க்குப் போய்ப் போய் வரும். முழுச் சுவராக இருந்திருந்தால் பார்க்காமலாவது இருந்திருப்பேன். இதில் டிக்கெட் எடுத்து முன்வரிசையில் உட்கார்ந்த மாதிரி ஒரு உருண்டை விடாமல் தெரிந்தது. அவள் வாயைத் துடைத்துவிடுவதுகூடத் தெரிந்தது.

கொஞ்ச நாள் வெந்தேன். தோசைகளும் வெந்தன, சில கருகின. கடைசியில் ஒரு காலையில், கல்லில் மாவை ஊற்றாமல் நின்றேன்.

"ஏனுங்க சம்மந்தி, நானும் எத்தனையோ பேரு கைத் தோசையைப் பாத்துட்டேன். உங்க கையாட்ட ஒருத்தருக்கும் வாரதில்லைங்க. அந்த ஓரம் மொறுமொறுன்னு எப்படித்தான் எடுக்கறீங்களோ" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அது ஒண்ணுமில்லீங்க. தீயை வெக்கறதுல இருக்குது."

"ஒருக்காப் போட்டுக் காட்டுங்களேன். பாத்துப் பழகிக்கறேன்."

எழுந்து வந்துவிட்டார். நான் அந்தப் பக்கம் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன், அவர் இருந்த சூடு ஆறுவதற்குள். அவர் போட்டு நீட்டிய தோசையைப் பிய்த்து, சட்னியில் தொட்டு, பேத்தியின் வாய்கிட்டே நீட்டினேன். அவள் தலையைத் திருப்பி அம்மிச்சியைத் தேடினாள். அம்மிச்சி அடுப்பில். பசி. வாய் திறந்தது.

அரைச்சுவருக்கு மேலே சம்பந்தியம்மாவின் முகம் தெரிந்தது. கையில் கரண்டி. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது.

"இன்னொண்ணு மொறுகலாப் போடுங்க சம்மந்தி" என்றேன்.

மறுநாள் காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவர் டேபிளில் உட்கார்ந்திருந்தார். "ஏனுங்க சம்மந்தி, நேத்து பூரா நெனச்சுட்டே இருந்தேன். உங்க கைப் பச்சப்பயறு கடையலு இருக்குதே, அதெல்லாம் எங்க வம்சத்துலயே யாருக்கும் வராதுங்க."

அன்றிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. அவர் என் ரசத்தைப் புகழ்கிறார், நான் அவர் குழம்பைப் புகழ்கிறேன். அவர் என் கைப்பக்குவம் என்கிறார், நான் அவர் கைராசி என்கிறேன். பேத்தி ரெண்டு பக்கமும் வாயைத் திறக்கிறாள், கொஞ்சம் குண்டாகவும் ஆகிவிட்டாள். மருமகள் ஆபீசில் எல்லாரிடமும் சொல்கிறாளாம், என் அம்மாவும் மாமியாரும் அக்கா தங்கச்சி மாதிரி, ஒருத்தரை ஒருத்தர் பாராட்டாத நேரமே இல்லை என்று.

நேற்று மத்தியானமும் பேத்தியின் தட்டை முன்னால் இழுத்து வைத்துச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். சம்பந்தியம்மா வந்து எதிரே நின்றார்.

"சம்மந்தி, உங்க கையால ஒரு மொளகு ரசம் வெச்சுக் குடிச்சா இந்தச் சளியெல்லாம் ஓடிப்போயிருமுங்க" என்று ரெண்டு தரம் இருமிக் காட்டினார்.

"வெச்சுட்டேனுங்க. வெடியாலயே வெச்சு மூடிட்டேன்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை டேபிளுக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொண்டேன்.