இறங்கி நிற்கிற சட்டம்

தோட்டத்துக்குத் தீ வைக்கப் போனான் என்று எவனையாவது பிடித்தால், தூண்டிவிட்டது யார் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். என் வீட்டுக்காரரை ஒருவரும் தூண்டவில்லை. பக்கத்தில் இருந்தவள் நான், எனக்குத் தெரியாதா?

மலாயாவில், கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருவரும் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். வெள்ளைக்காரத் துரையின் கார் வந்தால், சைக்கிளில் போகிறவன் இறங்கி நிற்க வேண்டும். அது அங்கே சட்டம். எனக்கு ஏழு மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசார் சந்தைக்குப் போய்ச் சைக்கிளில் திரும்பும்போது பின்னால் கார் ஊதியது. அவர் பதறி இறங்க, பின்சீட்டிலிருந்த நான் சறுக்கிச் சேற்றில் விழுந்தேன். துரை திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு அடி ஒன்றுமில்லை. அவர்தான் அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை.

இரண்டு நாள் கழித்து, விறகுக்குப் பின்னால் ஒரு டின் மண்ணெண்ணெயும் சாக்குத் துணியும் இருந்தன.

"எதுக்கு இது?"

"ரப்பர் சீட் காயப்போடுற பொகக்கூடத்துக்கு," என்றார், உப்பு வாங்கி வந்ததைச் சொல்வதுபோல. "கூலியக் கொறச்சப்ப பொறுத்துக்கிட்டேன். புள்ளத்தாச்சிய சேத்துல தள்ளிட்டு அவனுக்கு சலாம் போட்டேனே, அதப் பொறுக்க முடியல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நல்லாருக்கு நாயம். நீங்க ஜெயிலுக்குப் போவீங்க, தொரை வேற கூடம் கட்டிக்குவாரு. இந்தப் புள்ளைக்கு அப்பன் யாரு, இந்த டின்னா?"

அவர் அழுதார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். டின்னைத் தூக்கிக்கொண்டு போய், தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்கெல்லாம் விளக்குக்கு ஊற்றிக் கொடுத்தேன். போன வீட்டிலெல்லாம் ஒன்று சொன்னேன்: "எறங்கணும்னுதானே சொல்றாங்க? எறங்குவோம். ஏறாமயே இருப்போம்."

மறுநாள் வேலை முடிந்ததும், சைக்கிள் வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் சாலை முழுக்க உருட்டிக்கொண்டு நடந்தார்கள். பெண்கள் நாங்களும் கூடவே. பின்னால் கார் ஊதி ஊதி ஓய்ந்தது.

"எறங்கித்தான் நடக்குறோம் தொரை," என்றார் என் வீட்டுக்காரர், வெகு பணிவாக.

மூன்று நாள் துரையின் கார் எங்கள் நடைக்கு ஊர்ந்து வந்தது. நான்காம் நாள் காலை, பேர் கூப்பிட்டு முடித்த ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு, "இனிமே யாரும் எறங்க வேணாம், ஓரமா ஓட்டிட்டுப் போங்க," என்றார்.

அன்று சாயங்காலமே, நாங்கள் இருவரும் சைக்கிளில் வரும்போது கார் எதிரே வந்தது. பழக்கத்தில் அவர் கால் தரையைத் தேடியது. முதுகில் ஒரு குத்து விட்டேன்.

"மிதிங்க."

மிதித்தார். கார் எங்களைத் தாண்டிப் போனது. அவர் சிரித்தாரா அழுதாரா, பின்னால் இருந்த எனக்குத் தெரியவில்லை. முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது, கால் நிற்கவில்லை.