வேலூரிலிருந்து ஆம்பூருக்கு ஐஸ் கட்டியும் மூன்று இத்தாலியப் புட்டிகளும்

போன ஜூன் மாதம், பள்ளி திறந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, நானும் அப்பாவும் ஆம்பூருக்குப் போனோம். ஊர் பார்க்கப் போகவில்லை. அங்கே ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், புது மெஷின் பொருத்த இத்தாலியிலிருந்து எஞ்சினீயர் ஒருவர் வந்திருந்தார். மெஷின் ஓடத் தொடங்கியதற்காக அவர் தங்கியிருந்த பங்களாவில் பகல் விருந்து. அதற்குச் சமைக்க அப்பாவை அழைத்திருந்தார்கள். விருந்து நன்றாக அமைந்தால் பங்களாவின் சமையல் வேலை அப்பாவுக்கே நிரந்தரமாகும் என்று மேனேஜர் எழுதியிருந்தார்.

அப்பா கண்டோன்மென்டில் இருபது வருஷம் ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் பட்லராக இருந்தவர். துரை கப்பலேறிய பிறகு கல்யாண வீடுகளில் அன்றாடக் கூலிக்குச் சமைக்கிறார். அவருக்கு ஆங்கிலம் பேச வரும், படிக்க வராது. மேனேஜரின் கடிதத்தை நான்தான் படித்துச் சொன்னேன். எஞ்சினீயரிடம் பர்மிட்டில் கொண்டுவந்த மூன்று புட்டி இத்தாலிய ஒயின் இருக்கிறது, சோடாபோல் பொங்கும் வகையும் அதில் உண்டு, மூன்றுக்கும் பொருந்துகிற பதார்த்தங்களைச் செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது.

மதுவிலக்கு அமலில் இருக்கிற ஊரில் இதை யாரிடம் போய்க் கேட்பது? பள்ளி நூலகத்தின் கலைக்களஞ்சியத்தில் ஒயின், ஷாம்பேன் என்ற இரண்டு தலைப்புகளையும் படித்து ஓர் அட்டையில் குறிப்பு எடுத்தேன். பொங்கும் ஒயின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். இனிப்பில்லாதது மீனுக்கும் வறுவலுக்கும், இனிப்பானது கடைசியில் இனிப்புப் பண்டத்துக்கு. சிவப்பு ஒயின் பொங்கக் கூடாது. பொங்கினால் அது மறுபடி புளித்துக் கெட்டுவிட்டது என்று பொருள். கடைசி வரியைக் கேட்டதும் அப்பா தலையாட்டினார். துரை வீட்டிலும் அப்படித்தானாம்.

ஆம்பூரில் அன்று ஐஸ் கிடைக்குமா என்று தெரியாததால் வேலூரிலேயே இருபது பவுண்டு வாங்கினோம். விலை ஒரு ரூபாய். மரத்தூளில் புதைத்து இரண்டு கோணிப்பையில் கட்டினார்கள். காலை 6.10க்குப் பஸ் புறப்பட்டது. தூரம் முப்பது மைல், டிக்கெட் ஆளுக்கு ஒரு ரூபாய் பத்து நயா பைசா. பள்ளிகொண்டா தாண்டும்போதே கோணியிலிருந்து நீர் சொட்ட ஆரம்பித்தது.

"இன்னா பெரியவரே, மூட்டை அழுவுது?" என்றார் கண்டக்டர்.

"டிக்கெட் எடுக்காம ஏறிடுச்சு. உன்னப் பாத்து பயம்," என்றார் அப்பா.

கண்டக்டர் சிரித்துவிட்டு மூட்டையை நிழல் பக்கமாக நகர்த்த உதவினார். மாதனூர் தாண்டிச் சிறிது தூரத்தில் தோல் வாடை தொடங்குகிறது. முதல் தடவை போகிறவர்கள் முகத்தை மூடிக்கொள்கிறார்கள். கால் மணி நேரத்தில் மூக்குப் பழகிவிடும். 7.55க்கு ஆம்பூர். பஸ் நிலையத்திலிருந்து பங்களாவுக்கு ஜட்கா வண்டி எட்டணா.

மேனேஜர் காதர் சாயபு வாசலிலேயே காத்திருந்தார். உயரமான மனிதர், பேச்சு சுருக்கம். "எஞ்சினீயர் டேனரிக்குப் போயிருக்காரு. பன்னண்டரைக்கு டேபிள் ரெடியா இருக்கணும். மூணு புட்டி மேசை மேல இருக்குது. பர்மிட்டுல மூணுன்னு எழுதியிருக்குது. ஞாபகம் வச்சுக்கோ," என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனார்.

இரண்டு புட்டிகள் வெளிறிய மஞ்சள். அவற்றில் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தது. மூன்றாவதில் சீட்டே இல்லை. கண்ணாடி வழியே உள்ளே கருஞ்சிவப்பு தெரிந்தது. மஞ்சள் இரண்டையும் ஐஸ் தொட்டியில் வைத்துவிட்டு அப்பா விரால் கட்லெட், ஆட்டுக்கறி பிரியாணி, கேரமல் கஸ்டர்ட் என்று வரிசையாக வேலையைப் பார்த்தார். நான் வெங்காயம் உரித்தேன்.

துரை வீட்டு வழக்கப்படி சிவப்பு ஒயினை ஒரு மணி நேரம் முன்னதாகத் திறந்து காற்றுப்படும்படி வைக்க வேண்டும். பதினொன்றரைக்கு அப்பா சீட்டில்லாத புட்டியின் தக்கையை அசைத்தார். பட்டென்று தக்கை விட்டத்தில் போய் மோதியது. ஊதா நுரை பொங்கி அவர் கையிலும் மேசை விரிப்பிலும் வழிந்தது. அப்பா முகர்ந்து பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"கெட்டுப் போச்சு பாப்பா. வெயில்ல வந்திருக்குது." பிறகு என்னைப் பார்த்தார். "உன் அட்டையில இன்னா எழுதியிருக்கே?"

"செவப்பு பொங்கக் கூடாது நைனா. பொங்கினா கெட்டதுதான்."

கெட்ட ஒயினை விருந்தாளி முன் வைப்பது பட்லருக்குப் பெரிய அவமானம். அப்பா புட்டியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் கவிழ்த்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். விரிப்பை மாற்றினோம்.

எஞ்சினீயர் 12.20க்கு வந்தார். நரைத்த தலை, விரல்களில் மெஷின் மசி. மேசையைப் பார்த்தவுடன், "சிவப்பு எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்பா நடந்ததைச் சொன்னார். எஞ்சினீயர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கூட வந்திருந்த காதர் சாயபுதான் கேட்டார்.

"கொட்டினியா, குடிச்சியா?"

"கொட்டிட்டேன் சாயபு."

"பர்மிட் சரக்கு. நாளைக்கு யாராவது கேட்டா, கொட்டினான்னு சொன்னா எவன் நம்புவான்? இருபது வருஷம் பட்லர்னியே. வாயைத் தொற, மோந்து பாக்கறேன்."

அப்பா வாயைத் திறந்தார். ஐம்பது வயது மனிதர், என் முன்னால், பள்ளிப் பிள்ளைபோல் நின்று வாயைத் திறந்தார். என் பெயரை அவர் சொல்லவில்லை.

நான் அட்டையை எடுத்து எஞ்சினீயரிடம் நீட்டி, "நான் படித்துச் சொன்னதால்தான் கொட்டினார்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். இருவரையும் வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனேன். மண் ஊதாவாக ஊறியிருந்தது, எறும்பு மொய்த்திருந்தது. எஞ்சினீயர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தார். அட்டையைப் படித்தார். சாயபுவிடம் மெதுவாகச் சொன்னார்: "இவர் குடிக்கவில்லை. ஆங்கிலேயர் வீட்டில் பழகியவர் வேறு எதுவும் செய்திருக்க முடியாது. எங்கள் நாட்டில் ஒரு பக்கத்தில் மட்டும் சிவப்பு பொங்கும். இது என் அண்ணன் வீட்டில் அடைத்தது. சீட்டு ஒட்டாமல் மேசையில் வைத்துவிட்டுப் போனது என் தவறு."

பிறகு மேசையில் உட்கார்ந்து அவர் விளக்கியதைக் கேட்டபடி எழுதுகிறேன். நான் எதையும் சுவைக்கவில்லை. கொட்டிப்போன சிவப்புக்கு லாம்புருஸ்கோ என்று பெயர். இனிப்பில்லை, புளிப்பும் லேசான துவர்ப்பும் உண்டு. கொழுப்புள்ள கறியோடு குடிப்பார்கள். நுரையும் புளிப்பும் நாக்கில் படிந்த நெய்யைக் கழுவும், துவர்ப்பு கறியின் பிசுக்கைப் பிடித்துக்கொள்ளும்.

குடியை வாழ்நாளில் தொடாத காதர் சாயபு இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தொட்டியில ஊற வச்சா ஆவாரம்பட்டை தோலைப் பிடிக்கிற மாதிரி," என்றார். எஞ்சினீயர், "அதே துவர்ப்புச் சரக்குதான். திராட்சைத் தோலில் கொஞ்சம், உங்கள் பட்டையில் ஜாஸ்தி," என்று பொருள்படச் சொன்னார். விருந்து தொடங்கியதிலிருந்து அப்போதுதான் சாயபு அப்பாவை நேராகப் பார்த்தார்.

மஞ்சளில் ஒன்று ப்ரொசெக்கோ. லேசானது, பச்சை ஆப்பிள் வாசனை. கட்லெட்டுக்குப் பொருந்தியது. பிரியாணியோடு அது தோற்றுவிட்டது. மிளகாய்க் காரம் ஏறினால் இனிப்பில்லாத ஒயின் கசக்குமாம். மற்றது ஆஸ்தி என்ற இனிப்பு ஒயின். பூவும் பழமும் கலந்த வாசனை அறை முழுக்கப் பரவியது. அதைக் கஸ்டர்டோடு குடித்தார். ஒயினின் இனிப்பு பண்டத்தின் இனிப்பைவிடக் குறைந்தால் புளித்த தண்ணீர்போல் ஆகிவிடும் என்றார். அன்று சர்க்கரை அளவு சரியாக இருந்திருக்கிறது. கஸ்டர்டை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். சாயபு கோலி சோடாவோடு பிரியாணி சாப்பிட்டார்.

கிளம்பும்போது சாயபு அப்பாவிடம், "மூணு மாசம் பாக்கலாம். ஒண்ணாந் தேதி வந்துடு. பொஸ்தகம் தப்பா எழுதினா நீ இன்னா செய்வே," என்றார். மாலை 4.40 பஸ்ஸில் திரும்பினோம்.

திங்கட்கிழமை நூலகத்தில் அதே கலைக்களஞ்சியத்தில் இத்தாலி பற்றிய தொகுதியை எடுத்தேன். அதை முன்பு நான் திறக்கவே இல்லை. நுரைக்கும் சிவப்பு ஒயின் பற்றி இரண்டு வரி அதில் இருந்தது. புத்தகம் தப்பாக எழுதவில்லை.

மூன்று வாரம் கழித்து, அப்பாவைப் பார்க்க ஆம்பூர் போனபோது பங்களாச் சமையலறையில் இதைச் சொன்னேன். அவர் கறி நறுக்குவதை நிறுத்தவில்லை.

"ரெண்டு வரியா?"

"ஆமா நைனா."

"அன்னிக்கு சாயபு போலீசைக் கூட்டாந்திருந்தா?"

அவர் நறுக்கி முடித்தார், கத்தியைக் கழுவினார், துடைத்து மாட்டினார். "அடுத்த மாசம் எஞ்சினீயரோட தோஸ்துங்க ரெண்டு பேர் வர்றாங்க. இன்னா கொண்டாராங்கன்னு கடுதாசி வந்துக்கீது. படிச்சுச் சொல்லு," என்று கடிதத்தை என் கையில் கொடுத்தார். நான் படித்தேன். புரியாத சொற்கள் மூன்று இருந்தன. மூன்றும் எனக்குப் புரியவில்லை என்றே அவரிடம் சொன்னேன்.

ஆம்பூர் போகிறவர்களுக்கு: காலை 6.10 பஸ்ஸில் வலப்பக்கம் உட்கார்ந்தால் வெயில் குறைவு. ஐஸ் கொண்டுபோனால் மரத்தூள் தாராளமாகப் போடச் சொல்லுங்கள், எங்கள் இருபது பவுண்டில் பன்னிரண்டுதான் ஊர் சேர்ந்தது. வெளிநாட்டவருக்கு விருந்து சமைக்கிறவர்கள், சீட்டில்லாத புட்டி எதுவானாலும் அதைக் கொண்டுவந்தவர் வரும்வரை திறக்காமல் வையுங்கள். அவர் வரத் தாமதமானால் சாப்பாடு ஆறட்டும்.