ஒட்டுகிற வேலை

மின்விசிறி ஆலையில் அவளை எல்லோரும் காயில் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மோட்டாருக்குள் போகிற செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுவது அவள் வேலை. மெஷின் சுற்றும், கம்பி இழுபடும் பதத்தை விரலால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் அறுந்துவிடும், அப்புறம் சூப்பர்வைசர் வாயில் விழ வேண்டும். பெயிண்ட் பிரிவில் இருந்தவனையே கட்டிக்கொண்டாள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அவன் கழுத்து மடிப்பில் ஒரு பச்சைக் கோடு போகாது. இரண்டு பேர் சம்பளத்தில் ஒரு வீடு எழும்பியது.

பிறகு வெளிநாட்டுச் சாமானுக்கு வரியைக் குறைத்தார்கள். முதலில் இறக்கைகள் மட்டும் கப்பலில் வந்தன. "மோட்டார் நம்மளோடதும்மா, அதுல யாரு கை வைப்பா?" என்றார் மேனேஜர். அடுத்து மோட்டாரும் வந்தது. காயில் மெஷின்களைச் சங்கிலி கட்டி இழுத்துப் போய்ப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். பெயிண்ட் பிரிவுக்கும் பூட்டு விழுந்தது. அவள் புருஷன் வீடு வீடாகத் தண்ணீர் கேன் சுமக்கப் போனான்.

கடைசியில் முழு விசிறியே அட்டைப் பெட்டியில் வந்து இறங்கியது. அவளையும் சேர்த்து மிச்சம் வைத்திருந்த சில பெண்களுக்கு ஒரே வேலைதான். அடியில் இருக்கிற அயல்நாட்டு ஸ்டிக்கரை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தெடுத்துவிட்டு, 'நம் நாட்டுத் தயாரிப்பு' என்ற ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும்.

ஒருநாள் துணி தைத்துப் பிழைக்கிற அவள் நாத்தனார் கருகிப்போன விசிறியோடு வந்தாள்.

"தையல் மெஷின் பக்கத்துல வச்சிருந்தேன் அண்ணி. புகைஞ்சு பத்திக்கிச்சு, தைக்கக் குடுத்த துணியெல்லாம் போச்சு. நீங்க சுத்துன காயில்னு நம்பித்தானே வாங்குனேன்?"

"நான் காயில் சுத்தி ரொம்ப நாளாச்சு. இது எங்க செஞ்சதோ, எங்களுக்கே தெரியாது."

"அப்ப தினமும் காலையில டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு எங்கதான் போறீங்க?"

அவளுக்கு உடம்பே கூசிப்போனது. இனிமேல் அந்த ஸ்டிக்கரை ஒட்ட மாட்டேன் என்று புருஷனிடம் சொன்னாள்.

"ஸ்டிக்கர்தானே, உன் கையா தேயுது? நீயும் வீட்டுல உக்காந்துட்டா அடுப்பு எப்படி எரியும்?" என்றான். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் அவள் எரிச்சலை இன்னும் கிளறியது. ஆனாலும் மறுநாள் வேலைக்குப் போனாள்.

அந்த வாரமே உள்நாட்டு உற்பத்திக்கு விருது கொடுக்க ஓர் அதிகாரி ஆலையைப் பார்க்க வந்தார். மேஜை மேஜையாக நடந்து வந்தவர் அவளிடம் நின்றார்.

"நீங்க என்னம்மா செய்யறீங்க?"

"செய்யறது எதுவும் இல்லீங்க சார். அவங்க பேரை அழிக்கிறேன், நம்ம பேரை ஒட்டறேன். இங்க எல்லாருக்கும் அதான் வேலை."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரியோ சிரித்தார். "சட்டப்படி கடைசி வேலை இங்க நடந்தா இங்க செஞ்ச மாதிரிதாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். வெட்கப்படுவார் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்!

மறுநாள் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. "உங்களை விடக்கூடாதுன்னு உத்தரவுக்கா" என்றான் கீழே பார்த்தபடி. விருது அந்தக் கம்பெனிக்கே போனது.

நாத்தனாரின் விசிறியைப் பிரித்து வேறு கம்பி சுற்றிக் கொடுத்தாள். விஷயம் பரவி, கருகிய விசிறிகள் அவள் வீட்டுக்கு வர ஆரம்பித்தன. பெரும்பாலானவற்றின் அடியில் அதே ஸ்டிக்கர். யார் கேட்டாலும், "இது இங்க செஞ்சது இல்ல" என்று நேராகச் சொன்னாள். வருமானம் பழைய சம்பளத்தில் பாதிகூடத் தேறவில்லை.

கொஞ்ச நாளில் 'நம் நாட்டுத் தயாரிப்பு' ஸ்டிக்கரையும் வெளிநாட்டிலேயே ஒட்டி அனுப்பத் தொடங்கினார்கள். ஆலை கிடங்காகிவிட்டது. வேலை போன பெண்கள் அவள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

"நீங்க அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்கா" என்றாள் ஒருத்தி.

"மெஷினை இழுத்துட்டுப் போனப்ப நாம எல்லாரும் வாயை மூடிக்கிட்டுதானே நின்னோம். வேலை தங்குச்சா?"

கேட்டவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். மற்றவர்கள் போகவில்லை. அவள் உள்ளே போய் அவர்கள் உட்காரப் பாயும், பிரித்துக் காட்ட ஒரு கருகிய விசிறியும் எடுத்து வந்தாள்.