இடது கை சேர்த்து வைத்த ஒரு வாரம்

வண்டன்மேட்டில் வாட்ச் கடை தேவசகாயத்தைத் தெரிந்த எல்லோருக்கும் செல்லையா எழுதுகிறேன். முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உலர்த்தும் தட்டில் கொட்டிய ஏலக்காய் போல ஒன்று படுத்திருக்கும், ஒன்று நிமிர்ந்திருக்கும். வரிகள் மேடு ஏறும். எழுபத்தொரு வயதில் எழுத்துக் கூட்டக் கற்றவன் நான். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் எழுதினால் கை ஓய்ந்துவிடுகிறது. ஆனாலும் இதை வேறொருவரிடம் சொல்லி எழுத வைக்க எனக்கு மனமில்லை. எனக்கே எழுதத் தெரியும்போது எதற்கு?

காலையில் பால் விடாத கட்டங்காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. தேவசகாயத்தின் மகள் ஜெசி போனில் கூப்பிட்டாள். "மாமா, அப்பா போயிட்டாங்க. தூக்கத்துலயே நெஞ்சு நின்னுட்டு" என்றாள். டம்ளரை எங்கே வைத்தேன் என்று இன்னும் நினைவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் அவள் என்னிடம் ஒரு வாட்சைத் தந்தாள். "இது உங்களோடதுதான மாமா. இன்னும் ஓடுது பாருங்க."

ஓடுவதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

அந்த வாட்சை என் மூத்த மகள் குவைத்திலிருந்து கொண்டு வந்தாள். நல்ல பொருளை நாம் எப்படி வைத்துக்கொள்வோம்? ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் கட்டிப்போவேன். திரும்பி வந்ததும் துடைத்து, டப்பாவில் போட்டு, பெட்டிக்குள் வைத்துவிடுவேன். அது எப்போது எடுத்தாலும் நின்றே கிடந்தது. ஒருநாள் தேவசகாயத்தின் கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன்.

"என்னவே, இதுக்கு ஒரு நல்ல பேட்டரி போட்டுத் தாரும்!"

அவர் பின்மூடியைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார். "இதுக்குப் பேட்டரி நீங்கதான் அண்ணாச்சி. கோயில்ல கையை ஆட்டுவீங்களா?"

"பூசையில எதுக்குவே கையை ஆட்டணும்? சிலுவை போடுவேன்."

"சிலுவை போடுறது வலது கை. வாட்ச் கட்டுறது இடது கை. அதுவும் போச்சு!"

பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து உள்ளே காட்டினார். அரைவட்டமாக ஒரு எடைத் தகடு இருந்தது. கை ஆடும்போது அது சுழலும். அது சுழன்றால் பல்சக்கரங்கள் வழியாக ஒரு குட்டிச் சக்கரம் மிக வேகமாகச் சுற்றிக் கரண்டு உண்டாக்கும். சைக்கிள் டைனமோ செய்கிற வேலைதான். அந்தக் கரண்டு சின்னப் பொத்தான் மாதிரி ஒரு செல்லில் சேர்ந்துகொள்ளும். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வாட்ச் ஒரு குவார்ட்ஸ் கல்லை அதிர வைக்கும். அந்தக் கல் ஒரு நொடிக்கு முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டு தடவை அதிருமாம். அத்தனையையும் எண்ணி முடித்துத்தான் முள்ளை ஒரு நொடி தள்ளுகிறது. கரண்டு குறைந்தால் முள் இரண்டு இரண்டு நொடியாகத் தாவும். பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தினால் இருப்பு தெரியும். நொடிமுள் சடசடவென்று ஐந்து நொடி தூரம் ஓடினால் ஒரு நாளைக்கு இருக்கிறது, பத்து ஓடினால் ஒரு வாரத்துக்கு.

"வாட்சுக்கு மரியாதை போட்டுக்கிடுறதுதான் அண்ணாச்சி, பூட்டி வைக்கிறது இல்ல" என்றார். மறுநாளிலிருந்து ஏல மூட்டை தூக்கப் போகும்போதும் கட்டிக்கொண்டேன். அது நிற்கவே இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு வாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது உங்களுக்குத் தெரியும். வாட்ச் வேலைக்கு இரண்டு கையும் வேண்டும். ஒன்று பிடிக்க, ஒன்று திருக. ஆசுபத்திரியிலிருந்து வந்த அன்று அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"உங்க வாட்சை என் இடது கையில கட்டுங்க அண்ணாச்சி. ஓடினா கை வருது. நின்னா கை வரல. டாக்டர் சமாதானம் சொல்லுவார், ஜெசியும் சொல்லுவா. இது சொல்லாது."

கட்டிவிட்டேன். ஆசுபத்திரி அலைச்சலில் நான் அதைக் கட்டாமல் விட்டிருந்ததால் இருப்பு குறைவு, இரண்டாம் நாளே முள் தாவ ஆரம்பித்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அதனால் ஒரு காரியம் செய்தேன். மத்தியானம் அவர் அயர்ந்ததும் வாட்சைக் கழற்றி, வீட்டுக்குப் பின்னால் ஏலச்செடிகளுக்கு நடுவே நின்று கை வலிக்க வலிக்க ஆட்டினேன். அவர் விழிக்கும் முன் திரும்பக் கட்டிவிடுவேன். நாலைந்து நாள் இப்படியே நடந்தது.

ஒரு சாயங்காலம் அவர் பொத்தானை அழுத்தினார். முள் பத்து நொடி ஓடியது. நான் சந்தோஷமாக, "பாத்தீரா!" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "சோறு உருட்ட முடியாத கை ஒரு வாரத்துக் கரண்டு சேக்குமா? யாருகிட்ட அண்ணாச்சி வித்தை காட்டுதீங்க? நான் வாட்ச் கடைக்காரன்."

அவர் கோபப்படவில்லை. வலது கையால் இடது கையைத் தூக்கி என் மடியில் வைத்தார். "ஆட்டணும்னா வாட்சை ஆட்டாதீங்க. இதைப் பிடிச்சு ஆட்டுங்க."

அன்றிலிருந்து தினமும் அந்தக் கையைப் பிடித்து ஆட்டினேன். மேலே, கீழே, பக்கவாட்டில். "ஏல மூட்டைன்னு நெனச்சுட்டீங்களா? மெதுவா!" என்று திட்டுவார். பல மாதம் போனது. பிறகு நான் விட்டபின்னும் அந்தக் கை கொஞ்ச தூரம் தானாகப் போனது.

அதே வருடம்தான் நான் எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்தேன். அவர் முன்னால் உட்கார்ந்துதான் எழுதிப் பழகுவேன். என் நோட்டு நழுவும். ஒருநாள் அவர் இடது கையை நகர்த்தி நோட்டின் மேல் வைத்து அழுத்தினார். அந்தக் கை அழுத்தியிருக்கும் வரை என் வரிகள் மேடு ஏறவில்லை. முதன்முதலில் என் பெயரை நானே எழுதி முடித்த அன்று அவர் பொத்தானை அழுத்தினார். பத்து. "நீங்க தொடலையே?" என்று கேட்டார். தொடவில்லை என்றேன். நாங்கள் இரண்டு கிழவர்களும் சிரித்த சிரிப்பில் ஜெசி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அடுத்த மாதம் அவர் கடையைத் திறந்துவிட்டார், வாட்ச் அவர் கையிலேயே இருந்துவிட்டது.

அவள் தந்த வாட்சை நான் கையில் கட்டவில்லை. பொத்தானை அழுத்தினேன், பத்து ஓடியது. ஒரு வாரம். முழுக்க அவர் கை சேர்த்தது. அதில் என் கை கலக்கக் கூடாது என்று மேசையில் வைத்துவிட்டு, அன்றே இதை எழுத ஆரம்பித்தேன். இன்று ஏழாம் நாள். இதற்கு முந்திய வரியை முடித்து நிமிர்ந்தேன். முள் இரண்டு இரண்டாகத் தாவுகிறது.

வாட்சை எடுத்து என் வலது கையில், எழுதுகிற கையில், கட்டிக்கொண்டேன். எழுதுவதில் வரும் ஆட்டம் பத்தாது என்று எனக்குத் தெரியும். இந்தத் தாள்களை ஜெசி வீட்டுக்குக் கை வீசி நடந்தே கொண்டுபோய்க் கொடுப்பேன். அடுத்த வாரமும் அவரைப் பற்றி எழுதுவேன், நடப்பேன். நான் சோம்பினால் முள் காட்டிக்கொடுத்துவிடும்.