பூனைக்குப் படி கட்டியவர்

மனிதனுக்கு இரண்டு கை போதும். லிஃப்ட்காரருக்கு இருந்த அந்த இரண்டையே தெருவால் தாங்க முடியவில்லை.

முப்பத்தோரு வருடம் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. சும்மா இருப்பதே சுகம் என்று யாரோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களுக்கு இவரைத் தெரியாது. சமையலறை இழுப்பறை உடைந்தால் அது மைனாவுக்குக் கூடு. மழைக்கோட்டு கிழிந்தால் பக்கத்து வீட்டு டிரைவரின் நாய்க்குச் சட்டை. நாய் அந்தச் சட்டையை ஒரே மதியத்தில் தின்று தீர்த்தது. நாய்க்கு வயிறு சரியில்லை என்று டிரைவர் வந்து நின்றபோது, தையல் அவ்வளவு சுலபமாகப் பிரிந்திருக்கக் கூடாதே என்றுதான் இவர் வருத்தப்பட்டார்.

அதெல்லாம் நல்ல காலத்துக் கூத்து. ஒன்பது நாளைக்கு முன்னால் மனைவியின் கழுத்தில் இருந்த கட்டியை டாக்டர் ஊசியால் குத்திச் சதையெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். புற்றா இல்லையா என்று தெரிய ஒரு வாரம் பத்து நாள் ஆகும், நாங்களே போன் செய்வோம் என்றார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியவர், நேரே பின்கட்டுக்குப் போய் ரம்பத்தை எடுத்தார். அன்றிலிருந்து இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வேளைகூடச் சாப்பிடவில்லை. இவர் நின்றுகொண்டே சாப்பிட்டார், சில சமயம் நடந்துகொண்டே.

மனைவி நூலகத்தில் அரைநாள் வேலை பார்க்கிறவள். சத்தமில்லாத இடத்தில் சத்தமில்லாமல் வேலை செய்து பழகியவள். வீட்டுக்குள் போன் மணி அடித்தால் அவள் எடுக்கப் போவாள். இவர் துளை போடும் மெஷினை ஓட விடுவார். அந்த இரைச்சலில் போனில் என்ன பேச்சு என்று தெரியாதல்லவா? கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருட்டாகிவிடும் என்று நினைக்கிற பூனைக்கும் இவருக்கும் பெரிய வித்தியாசமில்லை.

பூனை என்றதும்தான் விஷயத்துக்கு வருகிறோம். தெருவில் ஒரு நொண்டிப் பூனை. யாருக்கும் சொந்தமில்லை, எல்லார் வீட்டுப் பாலிலும் பங்கு உண்டு. படுக்கை மட்டும் இவர் வீட்டு மாடி ஜன்னலுக்கு மேலே உள்ள சிமெண்டுப் பலகையில்தான். முன்பு தாவி ஏறும், இப்போது பின்னங்கால் ஒன்று ஒத்துழைப்பதில்லை. கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக் கத்தும். கை துறுதுறுத்த மனுஷனுக்கு இது போதாதா? பின்சுவரில் பதினாலு மரப்படி அடிக்க ஆரம்பித்தார்.

லிஃப்ட் வேலையில் மேலிருந்து தூக்குநூல் விட்டுக் கீழே இறங்கிக்கொண்டே அளப்பார்கள். இவரும் அப்படியே செய்தார். கண் நூலை விட்டு நகரவில்லை. நொண்டிக் கால் ஆயிற்றே, நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு மேடை வேண்டும் என்று யோசித்தார். அதற்குத் தோதாகச் சுவரில் ஏற்கெனவே உறுதியான இரும்புத் தாங்கி ஒன்று இருந்தது. எதற்கு வீணாக இன்னொரு துளை? மேடையை அதன் மேலேயே முடுக்கினார், இரட்டை நட்டு போட்டு.

அந்தத் தாங்கி, போன மாதம் மைனாக் கூட்டை மாட்டுவதற்காக இவரே அடித்தது. கூட்டின் வாசல் மேடையிலிருந்து ஒரு சாண் தூரம். உள்ளே மூன்று குஞ்சுகள். முப்பத்தோரு வருடம் தாங்கியைப் பார்த்தே பழகிய கண்ணுக்குக் குஞ்சு தெரியவில்லை, அவ்வளவுதான். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்வார்கள் என்பார்களே, இவர் ஓணானுக்குப் படியே போட்டுக் கொடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை கடைசிப் படியையும் அடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். பின்னால் மைனாக்கள் அலறின. ஓடி வந்து பார்த்தால், பூனை மேடையில் சாவகாசமாக உட்கார்ந்து கூட்டுக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. இவர் எறிந்த செருப்பு ஜன்னலில் பட்டது. இரண்டாவது செருப்புக்குப் பூனை இறங்கி ஓடியது. ஏணி போட்டு ஏறி எண்ணினார். மூன்றும் இருந்தன. இவருக்கு வியர்த்துக் கொட்டியது.

மேடையைக் கழற்றினால் தாங்கி வரும், தாங்கி வந்தால் கூடு வரும். ஆகவே கீழே உள்ள படிகளைக் கழற்ற வேண்டும். படிகளுக்கும் இவர் முடுக்கியிருந்த நட்டு இவருக்கே மசியவில்லை. மனைவி நூலகத்துக்குக் கிளம்பியவள், தோளில் பையோடு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். மேலிருந்தபடியே இவர் பேசினார்: குஞ்சுகள் பறக்கிறவரை ஆள் இங்கேயே காவல் இருக்க வேண்டும், ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டால் நீ மட்டும் போய் ரிப்போர்ட்டை வாங்கி வந்துவிடேன், ஒரு காகிதம்தானே.

"திங்கக்கிழமையே வாங்கிட்டேன்" என்றாள். "மூணு நாளா இந்தப் பையிலதான் இருக்கு."

ஸ்பேனர் அப்படியே நின்றது. ஏன் சொல்லவில்லை என்று மேலிருந்தபடியே கேட்டார்.

"எப்ப சொல்றது? நீங்க அஞ்சு நிமிஷம் கையைச் சும்மா வச்சா சொல்லலாம்னு பார்த்தேன். வைக்கவே இல்லையே."

அவர் இறங்கினார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். புற்றுதான். சின்னதுதான், வேறெங்கும் பரவவில்லை, அறுவை சிகிச்சை செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். மூன்று இரவு இதை வைத்துக்கொண்டா பக்கத்தில் படுத்திருந்தாள் என்று நினைத்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் வாய் தானாக ஓடியது: கழுத்தைத் தூக்காமல் சாப்பிட ஒரு சாய்வுப் பலகை செய்துவிடலாம், கட்டிலோடு மாட்டுகிற மாதிரி, கீழே சக்கரம் வைத்து...

"எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம். பக்கத்துல உட்காருங்க, போதும்."

"எனக்கு அது வராதே" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை.

"தெரியும். கட்டியை நெனச்சுகூட அவ்வளவு பயமில்ல. நான் அங்க தனியாப் படுத்துக் கெடப்பேன், நீங்க வெளிய எதையாவது கழட்டிக்கிட்டு நிப்பீங்க. அதை நெனச்சுதாங்க மூணு நாளா தூக்கம் வரல."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார். அவளும் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, அவருடைய கால் ஆட ஆரம்பித்தது. அவள் அந்த முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, டாக்டர் சொன்னதை முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லத் தொடங்கினாள்.