அப்பா தேர்ந்தெடுத்த ஆம்ப்ளிஃபயர்

ஓசூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழ்த்தட்டில், ஒரு கறுப்பு ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. விசையைப் போட்டதும் அதன் சிவப்பு விளக்கு எரியும். பாட்டோ பேச்சோ தொடங்குவதற்கு முன்பே இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்தும் மெல்லிய சீறல் ஒன்று வரும். ஈர விறகு எரியும்போது அதன் நுனியில் கசிகிற ஓசையைப் போன்றது அது. ஒலியைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்தச் சீறல் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. விடுதியிலிருந்து விடுமுறைக்கு வரும் ஒவ்வொரு முறையும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் காது அதைத் தேடிப் போய்விடுகிறது. பழகிய வீட்டின் பழகிய ஓசை என்று அதை ஏற்றுக்கொள்ள என்னால் இன்றுவரை முடியவில்லை.

சிங்காரப்பேட்டையிலிருந்து பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்த அப்பா, ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் இயந்திரங்களைக் காலையில் ஓட்டிப் பார்த்து, சரி என்று அவர் சொன்ன பிறகே மற்றவர்கள் அவற்றில் கை வைப்பார்கள். காலால் ஒருமுறை மிதித்தால் பிரஸ் ஒருமுறைதான் இறங்க வேண்டும். உள்ளே கிளட்ச் தேய்ந்துவிட்டால் மிதிக்காமலேயே இன்னொரு முறை இறங்கிவிடும்; விரல்கள் போவது அந்த இரண்டாவது அடியில்தான். தேயத் தொடங்கும்போது அது ஒரு சீறலைக் கொடுக்கும் என்பார் அப்பா. சாப்பிடும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ‘ஸ்ஸ்ஸ்’ என்று அந்த ஓசையைச் செய்து காட்டுவார். நானும் அம்மாவும் சிரிப்போம். அந்தப் பேரிரைச்சலில் மற்றவர்கள் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டபோது அவர் மட்டும் மறுத்துவிட்டார். “பஞ்ச வச்சிக்கினு நின்னா மெஷினு பேசுறத எப்பிடிக் கேக்கறது?” என்பது அவர் வாதம்.

ஆம்ப்ளிஃபயர் வாங்கிய ஆண்டு ஆடி மாதம், அந்த பிரஸ் ஷாப்பில் ஒரு விபத்து நடந்தது. போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்து வேலை செய்த ஓர் இளைஞருக்கு வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. விசாரணையில் அப்பாவைக் கேட்டார்கள். “காலையில நான்தான் ஓட்டிப் பாத்தேன். சத்தம் சுத்தமா இருந்துச்சு” என்று அவர் சொன்னார். இளைஞரின் கவனக்குறைவு என்று முடிவாயிற்று. கையில் கட்டோடு அவர் ஊருக்குத் திரும்பிப் போனார். அப்பா தம் வாக்கை அப்போது ஐயுறவில்லை; நாங்களும்தான்.

தீபாவளி போனஸ் வந்ததும் அப்பாவின் நெடுநாள் ஆசை வெளியே வந்தது. எங்கள் வரிசை வீடுகளில் தொலைக்காட்சி வாங்கியவர்கள் எல்லாம் அப்போது ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமைப் படத்தைக் கொட்டகைச் சத்தத்தில் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குப் பெட்டி தேர்ந்தெடுத்துக் கொடுக்கக் கடைக்குப் போனவரே அப்பாதான். காது உள்ள மனிதர் என்று பெயர் அவருக்கு. “கொட்டாயில டிக்கெட்டு எடுத்தாப் போதாதா? கொட்டாயவே வூட்டுக்குத் தூக்கியாறணுமா?” என்று அம்மா கேலி செய்தாள். ஆனாலும் நல்ல சேலை உடுத்திக்கொண்டு எங்களோடு வந்தாள்.

பேருந்து நிலையத்துக்கு அருகில் இருந்தது அந்தக் கடை. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றே அழைப்பார்கள். ஒரு வாடிக்கையாளரிடம் கன்னடத்திலும் அடுத்தவரிடம் தெலுங்கிலும் பேசிவிட்டு எங்களிடம் தமிழுக்கு வந்தார். “கம்பெனி மெஷினே அண்ணனப் பாத்தா நடுங்குது. எம் பொட்டி எம்மாத்திரம்?” என்று சிரித்தபடி இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை எடுத்து வைத்தார். ஒன்று உள்ளூரிலேயே பாகங்களைப் பூட்டிச் செய்தது. மற்றது பெயர்பெற்ற கம்பெனியுடையது, விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. மலிவானதை முதலில் பாடவிட்டு, அதன் குறையை வாங்க வந்தவரே கண்டுபிடித்து விலை கூடியதற்குத் தாமாக நகரும்படி செய்வது அவர் வியாபார வழக்கம். அன்றும் அப்படித்தான் தொடங்கினார். அப்பா கண்ணை மூடிக் கேட்டார். மற்றதையும் கேட்டார். பிறகு மலிவானதன் மேல் கையை வைத்தார்.

“ரெண்டும் ஒண்ணுதான் பாய். இதே போதும்.”

பாய் ஒருகணம் அம்மாவைப் பார்த்தார். “பாட்ட நிறுத்திட்டு ஒருக்கா கேளுங்கண்ணா” என்று கேசட்டை நிறுத்தினார். சீறல் மட்டும் கடையில் தனியாக நின்றது. எனக்கும் கேட்டது, அம்மாவுக்கும் கேட்டது. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “சுத்தமா இருக்கு” என்றார்.

விசாரணையில் சொன்ன அதே சொல். அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். பாயின் கை சிறிது நேரம் பெட்டியின் திருகின் மேலேயே இருந்தது. பிறகு, “அண்ணன் சொன்னப்புறம் அப்பீல் ஏது?” என்று அட்டைப் பெட்டியை எடுத்தார். அவர் குரலில் சிரிப்பு இல்லை.

வீட்டில் அப்பா தாமே கம்பிகளை இணைத்தார். அன்று மாலை படம் ஓடியது. வசனங்கள் கூடத்தை நிறைத்தன. இவ்வளவு நிறைவான முகத்தோடு அவரை நான் பார்த்ததில்லை. படம் முடிந்து தொலைக்காட்சியை அணைத்த பிறகும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“ஏங்க, பொட்டில எதனா சத்தம் கேக்குதா?”

“படந்தான் முடிஞ்சிடுச்சே.”

“நீங்க பல்லக் கடிச்சிக்கினு செஞ்சி காட்டுவீங்களே, அந்தச் சத்தம். கடையில இருந்தே வருது.”

உனக்குப் புதிதாகக் காது முளைத்திருக்கிறதா என்று அப்பா முதலில் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பி, “பாப்பா, நீ சொல்லு” என்றார். அவர் முகத்தைப் பார்க்காமல், வருகிறது என்றேன். அவர் எழுந்துபோய் ஸ்பீக்கரோடு காதை ஒட்டிவைத்தார். முதலில் ஒரு காது, பிறகு மறு காது. நிமிர்ந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“எப்போலருந்து?”

மெல்லிய கூரிய ஓசைகள்தான் முதலில் போகும், பேச்சு கேட்டுக்கொண்டே இருப்பதால் உடன் இருப்பவர்களுக்குத் தெரியாது என்று காது மருத்துவர் பிறகு சொன்னார். அதற்கு முன்பே, மறுநாள் முதல் ஷிப்டிலேயே, எந்த இயந்திரத்தையும் ஓட்டிப் பார்க்காமல் அப்பா மேலதிகாரியிடம் போய்த் தம் காதைப் பற்றிச் சொன்னார். ஆடி மாத விசாரணையில் தாம் சொன்னதையும் கணக்கில் எடுக்கக் கூடாது என்றார். முடிந்துபோன விஷயத்தை எதற்குக் கிளற வேண்டும் என்று கேட்டார்களாம். அவரை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். விசாரணையை மறுபடி திறக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா போச்சம்பள்ளிக்குப் புறப்பட்டார். “எனக்கு எதனா கேக்காமப் போச்சுன்னா நீ கேட்டுச் சொல்லு” என்று என்னையும் அழைத்துப் போனார். அந்த இளைஞர் தம் அண்ணனின் மளிகைக் கடையில் இடக்கையால் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் முக்காலியைத் துடைத்துப் போட்டார், கலர் வாங்கிவரச் சொன்னார். அப்பா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். கடையில் வாங்கிய பெட்டியைப் பற்றியும் சொன்னார். இளைஞர் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“அதான் அன்னிக்குக் காலையிலயே சொன்னேனேண்ணா, மெஷினு சீறுது, இன்னொருக்கா பாருங்கன்னு. நீங்க காத வச்சிக் கேட்டுட்டு ஒண்ணுமில்ல, ஓட்டுன்னீங்க. நீங்களே சொன்னப்புறம் எனக்குத்தான் காது கெட்டுப்போச்சுன்னு நெனச்சிக்கினேன்.”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அப்பாவுக்கு எளிதாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. திரும்பும் பேருந்தில், அவன் என்ன சொன்னான் என்று அப்பா என்னைக் கேட்டார். அவருக்கு ஒரு சொல்லும் தவறவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். ‘எப்போலருந்து’ என்று அவர் அதற்குப் பின் கேட்கவே இல்லை.

செய்தி தெரிந்ததும் பாய் வீட்டுக்கே வந்தார். அன்றே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும் என்று வருந்தினார். கூடுதல் பணம் வேண்டாம், நல்ல பெட்டியாக மாற்றித் தருகிறேன் என்றார். இதே இருக்கட்டும் என்று சொல்லி, அப்பா அவருக்குத் தேநீர் கொடுத்து வெறுங்கையோடு அனுப்பிவைத்தார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அந்தப் பெட்டியின் விசையைப் போடுகிறார். அதோடு இணைத்திருக்கும் டேப்பில் கேசட்டைச் செருகுவதற்கு முன், பக்கத்தில் இருப்பவரை “வருதா?” என்று கேட்கிறார். கடந்த விடுமுறையில் அம்மா என்னைச் சமையலறைக்குள் அழைத்து, “ஒரு தடவையாச்சும் இல்லன்னு சொல்லிடேன். உங்கப்பா நிம்மதியாப் பாட்டுக் கேக்கட்டும்” என்றாள். சரி என்றுதான் தலையாட்டினேன். கூடத்துக்கு வந்தபோது சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்பா என் வாயையே பார்த்தபடி இருந்தார்.

“வருதா பாப்பா?”

“வருதுப்பா.”

அவர் தலையை அசைத்துவிட்டு, கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்பீக்கரோடு காதை ஒட்டிவைத்தார்.